ஒரே வண்டியில் இரண்டு சாவி

சட்டம் சார் என்றால்தான் ஊரில் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரரே உதட்டைப் பிதுக்குவார். ஊரிலிருந்த ஒரே வங்கியில் அவர் அக்கவுண்டன்ட். அதே வங்கியில் கம்பிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பணம் வாங்கிக் கொடுத்த கேஷியர் அம்மா அவருடைய மனைவி. மேனேஜர் என்று பெயருக்கு ஒருவர் இருப்பார். வந்து நாற்காலியைத் துடைத்து உட்காருவதற்குள் மாற்றல் கேட்டு மனு எழுத ஆரம்பித்துவிடுவார். அதனால் பெட்டக அறையின் இரண்டு சாவிகளும் இந்தப் புருஷன் பெண்டாட்டி கையில்தான் இருந்தன.

சிக்கலே அங்கேதான். அந்த இரும்புக் கதவு இரண்டு சாவியும் போட்டால்தான் திறக்கும். ஒருவர் மனது கெட்டாலும் இன்னொருவர் இருப்பார் என்பதற்காகத்தான் இரண்டு பேர். புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொன்று வைத்துக்கொண்டால் அப்புறம் எதற்கு இரண்டு சாவி? தலைமை அலுவலகத்தில் எட்டு மாதம் இதற்காக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். வேறு யாரும் இந்த ஊருக்கு வரத் தயாரில்லை. கடைசியில் மூன்று நிபந்தனைகளோடு ஒரு கடிதம் வந்தது. இரண்டு சாவியும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. ஒருவர் சாவியை வைக்கும் இடம் மற்றவருக்குத் தெரியக் கூடாது. இரண்டு சாவியும் ஒரே வண்டியில் போகக் கூடாது.

"நாம ஒரே கட்டில்ல படுக்கலாம், சாவிங்கதான் தள்ளிப் படுக்கணுமாம். இதை எழுதின புண்ணியவானுக்குக் கல்யாணம் ஆயிருக்குமா?" என்று கேட்டாள் கேஷியர் அம்மா.

சட்டம் சார் சிரிக்கவில்லை. கடிதத்தை நகலெடுத்து, ஒன்றைக் கோப்பில் வைத்தார், ஒன்றை வீட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினார்.

பத்தொன்பது வருஷம் இம்மி பிசகாமல் நடந்தது. காலையில் வேலைக்கு அவள் பஸ்ஸில், அவர் ஸ்கூட்டரில். உறவில் கல்யாணமோ சாவோ, அப்போதும் அவள் பஸ்ஸில், அவர் ஸ்கூட்டரில். அவர் முந்திக்கொண்டு போய்விட மாட்டார். பஸ்ஸுக்குப் பின்னாலேயே வருவார். அவள் கடைசி வரிசையில் ஜன்னலோரமாகப் பார்த்து உட்காருவாள். திரும்பினால் அவர் தெரிவார். நிறுத்தத்தில் பஸ் நின்றால் அவரும் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நிற்பார். "ஏம்மா, சார்கிட்ட பாதி டிக்கெட்டாவது வாங்கிக்குடுங்க, தினம் எங்க வண்டியோடதானே வர்றாரு" என்பார் கண்டக்டர். பஸ்ஸே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சலும் வரும். ஊரில் எத்தனையோ பெண்கள் புருஷன் முதுகில் சாய்ந்துகொண்டு ஸ்கூட்டரில் போனார்கள். இவளுக்கு அது மட்டும் கொடுத்து வைக்கவில்லை.

வங்கியை மூடியது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். தலைமை அலுவலகத்தில் யாரோ யாருக்கோ கண்ணை மூடிக்கொண்டு அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தது திரும்பி வரவில்லை. அந்தப் பெரிய மனிதர்களில் ஒருவர்கூட இந்த ஊரை எட்டிப் பார்த்ததில்லை, ஆனால் ஷட்டரை இறக்கியது இந்த ஊரில்தான். ஜீப்பில் நாலு பேர் வந்தார்கள். எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்கள். பூட்டின்மேல் காகிதம் ஒட்டி அரக்கு வைத்தார்கள்.

வந்தவர்களில் ஒருவருக்கு மட்டும் ஞாபகம் வந்தது. "பெட்டகச் சாவி?"

"எழுத்துல ஆர்டர் குடுங்க சார், இந்த நிமிஷமே குடுத்துடறேன்" என்றார் சட்டம் சார்.

"வரும், வரும்" என்று சொல்லி ஜீப்பில் ஏறிக்கொண்டார்கள். ஆர்டர் வரவில்லை. சாவிகள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன.

சேமித்த பணமும் அடமானம் வைத்த நகையும் உள்ளே மாட்டிக்கொண்ட கோபத்தில் ஊர் இவர்களைத்தான் ஏசியது. வேறு யாரை ஏசுவது, தலைமை அலுவலகம் கடைத்தெருவுக்கா வரும்? கேஷியர் அம்மா காய் வாங்கப் போனால் பேச்சு நிற்கும். சட்டம் சார் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வழக்கம்போல ஆறு மணிக்கு எழுந்தார், குளித்தார், வாசலில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டார். போட்டுக்கொண்டு எங்கே போவது? மூடிய வங்கிக்கு எதிரிலிருந்த டீக்கடை வரைக்கும்தான். "சாருக்கு மரை கழண்டுடுச்சு" என்று டீக்கடைக்காரர் சொன்னது அவள் காதுக்கும் வந்தது.

ஷட்டருக்கு அரக்கு வைத்தும் அவர்கள் தனித்தனியாகத்தான் போய்வந்தார்கள். ஏழு மாதம். எட்டாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ஊர் விடுதியில் தங்கிப் படித்த மகளைப் பார்க்கக் கிளம்பினார்கள். அன்றைக்கு அவளுக்கு என்னவோ பொறுக்கவில்லை.

"பூட்டின பேங்குக்கு என்னங்க சாவி, என்ன சட்டம்? நான் இன்னைக்கு வண்டியிலதான் வருவேன். பஸ்ல போகச் சொன்னீங்கன்னா வரவே மாட்டேன்."

அவர் அலமாரிக் கதவை ஒரு தரம் பார்த்தார். பிறகு "சரி, வா" என்றார். இவ்வளவு சுலபமாகச் சம்மதிப்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

மரக்கடையைத் தாண்டி இருக்கும் வளைவில் லாரி வந்தது. அவளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

அவள் அழவில்லை. அழக் கூடாது என்று இல்லை, வரவில்லை. மனசு மரத்துப்போய்விட்டது. தைரியமான பொம்பளை என்று பார்க்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரியில் அவருடைய சாமான்களை ஒரு பழுப்புக் கவரில் போட்டு பின் அடித்துக் கொடுத்தார்கள். அவள் அதைப் பிரிக்காமல் அலமாரி மேலே போட்டாள். எலும்பு கூடியதும் மருந்துக்கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள். சாப்பிட்டாள், தூங்கினாள், மகளுக்குப் பணம் அனுப்பினாள். உள்ளே ஒரே ஒரு வாக்கியம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. பத்தொன்பது வருஷம் சட்டத்தை மீறாத மனுஷனை நான்தான் மீற வைத்தேன். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம்கூட.

இப்படி இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் புது மேனேஜர் வீடு தேடி வந்தார். மூடிய கிளைகளையெல்லாம் பெரிய வங்கி ஒன்று, பழைய ஊழியர்களோடு சேர்த்து எடுத்துக்கொண்டிருந்தது. விடுமுறைக்கு வந்திருந்த மகள் நாற்காலி எடுத்துப் போட்டாள். அவர் நுனியில் உட்கார்ந்தார். நல்ல மாதிரி மனிதர்தான், கெட்ட செய்தியை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஃபைலைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"திங்கக்கிழமை திறக்கறோம் மேடம். பெட்டகச் சாவி ரெண்டும் வேணும். மாத்துச் சாவி பழைய தலைமை ஆபீஸ்ல இருந்திருக்கு. இப்ப கேட்டா ஆளுக்கு ஆள் கையை விரிக்கறாங்க."

"என்னோடது இருக்கு" என்றாள் கேஷியர் அம்மா.

"சாரோடது?"

அவள் அலமாரி மேலே பார்த்தாள்.

"கிடைக்கலேன்னா கதவை அறுக்கணும். அதுக்கு ஆள் வரவே ஒரு மாசம் ஆகும். ஊர்க்காரங்க நகையெல்லாம் உள்ள இருக்கு, என்னை உண்டு இல்லேன்னு ஆக்கிடுவாங்க, அதுகூடப் பரவாயில்ல." மேனேஜர் குரலைத் தணித்தார். "சாவி தொலைஞ்சிருச்சுன்னா உங்க மேல விசாரணை வெப்பாங்க மேடம். அது முடியற வரைக்கும் உங்களை வேலைல சேர்த்துக்க முடியாது. நான் மேல சொல்லிப் பார்த்துட்டேன்."

விசாரணை என்றால் எத்தனை வருஷம் என்று வங்கியில் குப்பை கொட்டியவளுக்குத் தெரியாதா? மகளுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி. மருந்துக்கடைச் சம்பளம் வாடகைக்கே இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்று இருந்தது. "திங்கக்கிழமை கொண்டு வரேன் சார்" என்றாள்.

அவர் போனதும் மகள் முக்காலியைப் போட்டு ஏறிக் கவரை இறக்கினாள். தூசியைத் தட்டிவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "நான் பிரிக்கட்டுமா?"

"பிரி."

ஒரு கண்ணாடி உடைந்த மூக்குக்கண்ணாடி. மணிபர்ஸ். மூடியோடு பேனா. கைக்கடிகாரம். கடைசியாக, சாவியைப் பேன்ட்டோடு பிணைத்துக்கொள்ள அவர் வைத்திருந்த சங்கிலி. சங்கிலியின் முனையில் கொக்கி இருந்தது. கொக்கியில் சாவி இல்லை.

மகள் கவரைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள். "ஆஸ்பத்திரியிலதான் தொலைச்சிருக்காங்க. இல்லேன்னா ரோட்டுலயே விழுந்திருக்கும்." காலிக் கவரைக் கீழே போட்டாள். "இப்ப என்னம்மா பண்றது?"

கேஷியர் அம்மா அந்தக் கொக்கியைக் கையில் எடுத்தாள். அழுத்தினால்தான் திறக்கும் கொக்கி. இழுத்துப் பார்த்தாள். கொஞ்சமும் அசையவில்லை. விழுந்திருக்க முடியாது. யாரோ அழுத்தித் திறந்து சாவியை எடுத்திருக்க வேண்டும்.

அப்போதுதான் அவளுக்கு அந்த ஒரு நிமிஷம் ஞாபகம் வந்தது. ஸ்கூட்டரை வாசலுக்குத் தள்ளிக் கொண்டுவந்துவிட்டார். அவள் பின்னால் ஏறிக்கூட உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் அவர் "ஒரு நிமிஷம் இறங்கு" என்று வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு உள்ளே போனார். போனவர் வரவில்லை. இவள் பொறுமை இழந்து இரண்டு தடவை ஹாரன் அடித்தாள். வெளியே வந்தபோது, "எதை மறந்தீங்க?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றார்.

"சாவி வீட்டுலதான் இருக்கு" என்றாள் மகளிடம்.

வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். வெள்ளி முழுக்க, சனிக்கிழமை மதியம் வரைக்கும். மெத்தையின் தையலைப் பிரித்தார்கள். அவர் சட்டைகளின் ஒவ்வொரு பையிலும் கை விட்டார்கள். பழைய ரசீதுக் கட்டுகளை அவிழ்த்து ஒவ்வொன்றாக உதறினார்கள். ஒன்றும் இல்லை. "ஒரே வீட்டுல இத்தனை வருஷம் இருந்திருக்க, எங்க வெப்பாருன்னுகூடவா தெரியாது?" என்று மகள் சலித்துக்கொண்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

"தெரியக் கூடாதுன்னுதானே சட்டம்" என்றாள் கேஷியர் அம்மா.

அலமாரிக் கதவு திறந்தே கிடந்தது. உள்பக்கம் அந்தக் கடிதம் பழுப்பேறிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்தபடி அதைப் படித்தாள். ஒருவர் சாவியை வைக்கும் இடம் மற்றவருக்குத் தெரியக் கூடாது. அப்படியென்றால் அவர் எங்கே வைத்திருப்பார் என்று யோசிப்பதே தப்பு. தான் எங்கே கை வைக்க மாட்டோம் என்று யோசிக்க வேண்டும். இந்த வீட்டில் அவள் துடைக்காத இடம் எது, தொடாத சாமான் எது?

ஷூ பாலிஷ் பெட்டி. அந்த வாசனை அவளுக்கு ஆகவே ஆகாது. மூடியைத் திறந்தாலே தும்மித் தள்ளிவிடுவாள். கல்யாணமான புதிதில் ஒருநாள் அதை வெளியே எறியப் போனாள், அன்றிலிருந்து அவர் அதைச் செருப்பு அலமாரியின் அடித்தட்டில் வைத்துத் தானே பார்த்துக்கொண்டார். வங்கி மூடிய பிறகும் ஒருநாள் விடாமல் பாலிஷ் போட்ட மனுஷன். ஷூவுக்காகவா போட்டார்? காலையில் சாவியை எடுக்க, சாயங்காலம் திரும்ப வைக்க. மரை கழன்றவர் என்று ஊர் சிரித்ததை நினைத்தபோது அவளுக்கு ஊர்மேல் முதல் தடவையாகக் கோபம் வந்தது.

பெட்டியை இழுத்தாள். இரண்டு தும்மல் வந்தது. பிரஷ்கள், துணி, கறுப்பு டப்பா, பழுப்பு டப்பா. பழுப்பு டப்பாவை மகள் திறந்தாள். அதில் பாலிஷ் இல்லை. நாலாக மடித்த காகிதத்துக்குள் சாவி இருந்தது.

காகிதத்தில் அவர் கையெழுத்து. சாவிப் பதிவேடு வங்கிக்குள் மாட்டிக்கொண்டதால், திறந்ததும் அதில் ஏற்றிக்கொள்ளலாம் என்று தனியாக எழுதி வைத்திருந்தார். அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருந்தார். அந்த அவசரத்திலும் கோடு நேராக இருந்தது. மகள் படித்தாள்.

"சாவி எண் ஒன்று. வீட்டில் வைக்கப்பட்டது. நேரம் ஒன்பது நாற்பது. காரணம்..." அவள் நிறுத்திவிட்டாள்.

"படி."

"காரணம், ரெண்டு பேரும் ஒண்ணா போறோம்."

கீழே அவர் கையெழுத்து. அதற்கும் கீழே, திரும்ப எடுத்தவர் என்று போட்டு ஒரு கோடு. நேரம் என்று போட்டு இன்னொரு கோடு. இரண்டும் காலியாக இருந்தன. சாயங்காலம் வந்து அவரே நிரப்ப வேண்டியவை.

அப்படியென்றால் அவர் சட்டத்தை மீறவில்லை. அவளுடைய சாவி அன்றைக்குக் கைப்பையில் இருந்தது. அவருடையது இந்த டப்பாவில் இருந்தது. இரண்டு சாவியும் ஒரே வண்டியில் போகவில்லை. இரண்டு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த வாக்கியம் பொய். இதற்கு அவள் நிம்மதிப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கையோடு இன்னொன்றும் தோன்றியது. கோடு போட்டு இதை எழுத அவருக்கு இரண்டு மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். உள்ளே போகாமல் அப்படியே கிளம்பியிருந்தால், லாரி வளைவுக்கு வருவதற்குள் இவர்கள் தாண்டிப் போயிருப்பார்கள். எதை நினைத்து ஆறுதல் அடைவது, எதை நினைத்து மாரில் அடித்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்போதும் அழுகை வரவில்லை.

மகள் சாவியை நீட்டினாள். கேஷியர் அம்மா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"என்கிட்ட ஒரு சாவி இருக்கு. ரெண்டையும் ஒருத்தரே தொடக் கூடாது. நீயே எடுத்ததா எழுதிக் கையெழுத்துப் போடு."

"நான் பேங்க் ஸ்டாஃபா என்ன?"

"போடு சொல்றேன். மணி என்ன, பார்த்து எழுது. அப்புறம் உன் அறையில எங்கயாவது வை. எங்க வெச்சேன்னு எனக்குச் சொல்லாத."

மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். அப்பாவின் பேனாவையே எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். மணி மதியம் இரண்டே கால்.

திங்கட்கிழமை மகள் சாவியோடு நடந்தே போனாள். கேஷியர் அம்மா பஸ்ஸில் போனாள். அரக்கை உடைத்து ஷட்டரைத் தூக்கியபோது மூன்று வருஷத்துத் தூசி ஊர்க்காரர்கள் தலையில் கொட்டியது. யாரும் விலகிப்போகவில்லை. அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஆட்களே "வாங்க கேஷியரம்மா" என்று வழி விட்டார்கள். மகளிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு மேனேஜர் அந்தக் காகிதத்தில் தானும் ஒரு கையெழுத்துப் போட்டார். ஒன்றாம் சாவியை அவர் போட்டுத் திருகினார். இரண்டாம் சாவியை அவள் போட்டாள். கதவு கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுத் திறந்தது. வெளியே யாரோ கைதட்டினார்கள்.

பதிவேடு அவள் மேஜை இழுப்பறையில், வைத்த இடத்திலேயே இருந்தது. அவள் காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாக அதில் ஏற்றினாள். காரணம் என்ற இடத்தையும் அவர் எழுதியபடியே எழுதினாள். எட்டிப் பார்த்த மேனேஜர் என்னவோ கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் தன் அறைக்குப் போய்விட்டார்.

நாள் முழுக்கக் கூட்டம். நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. ஐந்தரை மணிக்குக் கதவைப் பூட்டி ஆளுக்கொரு சாவியை எடுத்துக்கொண்டார்கள். மேனேஜர் கார்க் கதவைத் திறந்து வைத்தார்.

"ஏறுங்க மேடம். நானும் அந்தப் பக்கம்தான், வீட்டுல விட்டுடறேன்."

"ரெண்டு சாவி இருக்கே சார்" என்றாள்.

அவருக்கு ஒரு விநாடி புரியவில்லை. "ஓ, அதுவா. அது பழைய பேங்க் ரூல்தானே மேடம்? இப்ப யாரு அதெல்லாம் பார்க்கறாங்க?"

"நீங்க போங்க சார். எனக்கு பஸ் வந்துடும்."

பஸ் வந்தது. பழைய கண்டக்டர்தான், தலை நரைத்திருந்தது. கடைசி வரிசை ஜன்னலோரம் காலியாக இருந்தது. டிக்கெட் வாங்கிக்கொண்டு கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்றது. யாரோ மூட்டையோடு இறங்கினார்கள். அவள் ஒன்றும் நினைக்கவில்லை, பழக்கதோஷத்தில் கழுத்து தானாகத் திரும்பியது. ஒரு காலை ஊன்றிக்கொண்டு நிற்கிறாரா என்று பார்த்தாள்.

ரோடு காலியாக இருந்தது.

அப்போது வந்தது அழுகை. இரண்டு வருஷம் எங்கே கிடந்ததோ, அடக்க முடியவில்லை. கைப்பையில் முகத்தை வைத்து அழுத்தினாள், அப்படியும் சத்தம் வெளியே வந்தது. பஸ் கிளம்பியதும் கண்டக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். அவருக்கு விஷயமெல்லாம் தெரியும், ஆனால் என்ன கேட்பதென்றுதான் தெரியவில்லை.

"என்னம்மா, எதையாவது மறந்துட்டு வந்துட்டீங்களா?" என்றார்.

"ஒண்ணுமில்ல" என்றாள்.